வெளி நிறுவனத்திடம் கொடுத்த மென்பொருள் வேலை தடுமாறுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்த தகவல் தொழில்நுட்பப் பணி பாதி வழியில் நின்றால், அடைப்பு எங்கே என்று போய்ப் பார்ப்பது என் தொழில். பல ஆண்டுகளாக இதையே செய்கிறேன். அழைத்தவர்கள் சொல்லும் முதல் வாக்கியம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "அறிக்கைகள் எல்லாம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன." அதனால் கீழே உள்ள சோதனைகளில் அறிக்கையைப் புரட்டும் வேலை இல்லை. உங்கள் கண் முன்னே ஓடுவது எது, உங்கள் பெயரில் இருப்பது எது என்ற இரண்டை மட்டும் பார்க்கப் போகிறோம்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாமல் தீரும் காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கிறது. முதல் காரணம் பெரும்பாலும் வேலையைக் கொடுத்தவர் பக்கத்தில்தான் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

தொடங்கும்முன் மூன்று பொருள்கள் மேசைமேல் இருக்கட்டும்: எல்லா இணைப்புகளோடும் கூடிய ஒப்பந்தம், இதுவரை கொடுத்த பணத்தின் தேதி வாரியான பட்டியல், நீங்களே கடைசியாக இயக்கிப் பார்த்த பதிப்பு எது, எந்தத் தேதியில் என்ற குறிப்பு. மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால், வேறு அறிகுறி இருந்தாலும் முதல் தலைப்பிலிருந்தே தொடங்குங்கள்.

## அறிகுறி 1: "90 சதவீதம் முடிந்தது" என்றே வாரக்கணக்கில் பதில் வருகிறது

பதில் சொல்லாத கேள்விகள். ஒப்பந்த நிறுவனத்தார் உங்களிடம் கேட்டு, நீங்கள் இன்னும் பதில் தராத கேள்விகளின் பட்டியலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் ஒரே அதிகாரியின் மின்னஞ்சலில் கிடந்தன. அவர் விடுப்பில் இருந்தார். ஒப்பந்த நிறுவனம் ஊகத்தில் வேலையை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பதில் எழுதினோம். அடைப்பின் பெரும்பகுதி அதிலேயே விலகிவிட்டது.

"முடிந்தது" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நிரலை எழுதிவிட்டாலே நிரலாளருக்கு வேலை முடிந்தது. பயனர் அதைக் கொண்டு தன் வேலையைச் செய்ய முடிந்தால்தான் உங்களுக்கு முடிந்தது. சதவீதத்தைக் கைவிடுங்கள். வேலைப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஏற்றுக்கொண்டோம்" அல்லது "இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். நான்கு வாரம் எண்ணி, வாரத்துக்குச் சராசரியாக எத்தனை வரிகள் ஏற்கப்படுகின்றன என்று பாருங்கள். மீதமுள்ள வரிகளை அதால் வகுத்தால் இன்னும் எத்தனை வாரம் ஆகும் என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கு கசக்கும். ஆனாலும் யார் சொல்லும் தேதியைவிடவும் அதை நம்பலாம்.

துண்டுகள் ஓடுகின்றன, சேர்த்தால் ஓடவில்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது நடந்தது இதுதான். பல ஒப்பந்த நிறுவனங்கள் துண்டு துண்டாகச் செய்திருந்தன. முழுத் தளத்தையும் ஒருமுனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிப் பார்க்கப் போதிய காலம் ஒதுக்கப்படவில்லை. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர்.

சோதனை எளிது. ஒரே ஒரு முழுப் பாதையைக் கேளுங்கள்: ஆர்டர் உள்ளே வர வேண்டும், பணம் செலுத்தப்பட வேண்டும், ரசீது போக வேண்டும், கணக்கில் பதிய வேண்டும். உங்கள் சோதனைச் சூழலில் (உண்மைத் தளத்தைத் தொடாமல் முயன்று பார்க்கும் தனி இடத்தில்), உங்கள் ஆள் விசைப்பலகையைத் தட்ட, நீங்கள் தேர்ந்தெடுத்த தரவைக் கொண்டு ஓட வேண்டும். அவர்கள் திரையில் அவர்கள் காட்டும் டெமோவை இதற்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆள் போதவில்லை. இந்தக் கட்டத்தில் "இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கிறோம்" என்று முன்வருவார்கள். சம்மதிக்காதீர்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதினார். ஐபிஎம்மின் பெரிய இயங்குதளப் பணியை நடத்திய அனுபவத்தில் சொன்னது. புதியவருக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பழையவரின் நேரம்தான் செலவாகிறது. ஆளைக் கூட்டுவதற்குப் பதிலாக வேலையைக் குறையுங்கள்: முதல் வெளியீட்டில் எது இல்லாமலும் காலம் தள்ளலாம் என்று பட்டியலிடுங்கள்.

அடித்தளமே தவறு. மென்பொருளின் அடிப்படைக் கட்டமைப்பே வேலைக்குப் பொருந்தவில்லை. எல்லாவற்றிலும் செலவு மிகுந்தது இது.

*நிபுணரை அழைக்க வேண்டிய இடம்:* இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை கேட்டும் அந்த முழுப் பாதை ஓடவில்லை என்றால், வெளியிலிருந்து அனுபவமுள்ள மென்பொருள் கட்டமைப்பாளர் ஒருவரைச் சில நாள் மதிப்பாய்வுக்கு அழையுங்கள். ஒரு நிபந்தனையை எழுத்திலேயே வையுங்கள்: மதிப்பாய்வு செய்பவருக்கு மறுகட்டுமான வேலை தரப்படாது. வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர் "இடித்துவிட்டுக் கட்டுங்கள்" என்றுதான் சொல்வார்.

## அறிகுறி 2: கெட்ட செய்தியே வருவதில்லை, எல்லாவற்றுக்கும் "சரி" என்கிறார்கள்

முதலில் உங்கள் கூட்டங்களைத் திரும்பிப் பாருங்கள். கடைசியாகத் தாமதத்தை ஒப்புக்கொண்டவருக்கு அந்த அறையில் என்ன நடந்தது? திட்டு கிடைத்திருந்தால் அடுத்த ஆறு மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்த காரணம், நிரல் எழுதுபவருக்கும் உங்களுக்கும் நடுவில் மேலாளர் மட்டும் பேசுவது. வாரம் ஒரு முறையாவது எழுதுபவரே பேசட்டும். கேள்வியையும் மாற்றுங்கள். "எல்லாம் சரியாகப் போகிறதா?" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் வரும். "இந்த வாரம் உங்களை அதிகம் இழுத்தடித்தது எது?" என்று கேளுங்கள். ஒரு தேவையை விளக்கியபின் "புரிந்ததா?" என்று கேட்காமல், அவர்கள் சொற்களில் அதைத் திருப்பி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் என்னை அழைக்க வேண்டி வந்ததே இல்லை.

இதற்கு நிபுணர் பெரும்பாலும் தேவைப்படாது. மூன்று வாரம் இப்படிச் செய்தும் எதுவும் வெளிவரவில்லை என்றால் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## அறிகுறி 3: ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்

ஒருவர் போவது இயல்பு. கவலைப்பட வேண்டியது, நேர்காணலில் பார்த்த முகங்கள் வேலையில் காணாமல் போவது.

மூல நிரல் களஞ்சியத்தின் (எழுதிய நிரல் முழுவதும், யார் எப்போது மாற்றினார் என்ற பதிவோடு சேமிக்கப்படும் இடத்தின்) வரலாற்றைத் திறந்து, கடந்த மூன்று மாதங்களில் மாற்றங்களைப் பதிந்தவர்களின் பெயர்களை எடுங்கள். பக்கத்தில் பில்லில் உள்ள பெயர்களை வையுங்கள். பில்லில் இருந்தும் நிரலில் இல்லாதவர் வடிவமைப்போ சோதனையோ செய்பவராக இருக்கலாம், கேட்டால் தெரிந்துவிடும். நிரலில் இருந்து பில்லில் இல்லாதவர்தான் முக்கியம். வேலை துணை ஒப்பந்தத்தில் வேறெங்கோ போயிருக்கிறது என்பதற்கு அது தடயம்.

துணை ஒப்பந்தம் தன்னளவில் குற்றம் அல்ல. உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போவதும், ரகசியக் காப்பு உறுதிமொழி அந்த மூன்றாமவரைக் கட்டுப்படுத்தாததும்தான் ஆபத்து. ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடுங்கள். பிரிவு இருந்து மீறப்பட்டிருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த தவணைக்கு முன் திருத்த ஒப்பந்தம் போடுங்கள்.

## அறிகுறி 4: மாற்றக் கட்டணம் மூல விலையை நெருங்குகிறது

வாயால் சொன்ன மாற்றங்கள். உங்கள் பக்கத்தில் எத்தனை பேர் அவர்களிடம் நேரடியாக "இதையும் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்கிறார்கள்? மாற்றத்துக்குச் சம்மதிக்கும் அதிகாரம் ஒருவருக்கே இருக்கட்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

தேவை எழுதப்படவே இல்லை. கட்டணக் கோரிக்கைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: புதிதாகக் கேட்டது, எழுதியிருந்தும் அவர்கள் விட்டது, இருவருமே எழுத மறந்தது. முதலாவதற்குப் பணம் கொடுங்கள். இரண்டாவதற்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவது குவியல்தான் சண்டை வரும் இடம். அதைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு நகர்வது நீதிமன்றத்தைவிட எப்போதும் மலிவு.

மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தேவையை எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையின் சம்பள மென்பொருளை நான் பலரிடம் நினைவூட்டுவேன். தொடக்க ஒப்பந்தம் சுமார் 6 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். 2010 மார்ச்சில் இயங்கத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் தவறாகப் போயிற்று. சிலருக்குப் போகவே இல்லை. சரிசெய்து நடத்தும் செலவையும் சேர்த்தால் சுமார் 1.2 பில்லியன் டாலர் என்று 2013-ல் வெளியான விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. தனக்கு வேண்டியது என்ன என்பதை அரசு சரிவர வரையறுக்காததும் காரணங்களில் ஒன்றாகப் பதிவாயிற்று. மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்த செவிலியருக்குச் சம்பளம் வரவில்லை. எழுதாமல் விட்ட தேவையின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் அவர்தான்.

ஒப்பந்த வகையே பொருந்தவில்லை. என்ன வேண்டும் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வேலைக்கு நிலையான விலை ஒப்பந்தம் போட்டிருந்தால், ஒவ்வொரு கண்டுபிடிப்பும் ஒரு பில்லாகத்தான் வரும். மீதி வேலையைச் சிறு கட்டங்களாக, ஒவ்வொன்றுக்கும் செலவு உச்சவரம்போடு மாற்றி எழுதுங்கள். இதற்கு ஒப்பந்தம் தெரிந்த வழக்கறிஞர் தேவை.

## அறிகுறி 5: ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று உடைகிறது

தானியங்கிச் சோதனைகள் (மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் நிரல்கள்) இருக்கின்றனவா, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஓடுகின்றனவா என்று கேளுங்கள். "இருக்கின்றன" என்றால் உங்கள் முன்னே ஓடவிடச் சொல்லுங்கள். பிறகு இதைச் செய்யுங்கள்: நிரலில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். சோதனை தவறைப் பிடிக்கவில்லை என்றால் அது பெயருக்கு எழுதிய சோதனை.

அடுத்து, மூடிய பிழைகளில் எத்தனை மறுபடி திறக்கப்பட்டன என்று பாருங்கள். மாதத்துக்கு மாதம் அது ஏறினால், புதிய அம்சங்களை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் சோதனை எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஏறினால் மூல நிரல் மதிப்பாய்வுக்கு ஆள் அழையுங்கள். முதல் அறிகுறியில் சொன்ன அதே நிபந்தனையோடு.

## அறிகுறி 6: வேலை நன்றாகப் போகிறது, ஆனால் சாவிகள் உங்களிடம் இல்லை

இது அறிகுறிபோலவே தோன்றாது. யாரும் புகார் சொல்லிக்கொண்டு வருவதில்லை. உறவு முறியும் நாளில்தான் வலிக்கும். நான் பார்த்தவற்றில் அதிக இழப்பை உண்டாக்கியது இதுதான். அதனால் வேறு எந்த அறிகுறியும் இல்லாதவர்களும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

டொமைன் பெயர், அதாவது உங்கள் இணைய முகவரி. அதைப் பதிந்து தரும் நிறுவனத்தில் (பதிவாளர்) உள்ள கணக்கு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில்? ஒப்பந்த நிறுவன ஊழியரின் மின்னஞ்சலில் இருந்தால் இன்றே மாற்றுங்கள். உரிமையாளர் விவரம் மாறியபின் வேறு பதிவாளருக்கு மாற்றுவது சில வாரங்களுக்கு முடக்கப்படலாம். சண்டை வந்தபின் தொடங்கினால் அந்த வாரங்கள் உங்களிடம் இருக்காது.

கிளவுடு கணக்கு, அதாவது உங்கள் மென்பொருள் ஓடும் வாடகைச் சர்வர்களின் கணக்கு. எல்லா அதிகாரமும் கொண்ட மூலக் கணக்கின் மின்னஞ்சல், இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்புக் கருவி, பணம் பிடிக்கப்படும் அட்டை ஆகிய மூன்றும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்குகள் கொடுங்கள். "நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஏன் சிரமம்" என்பார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

மூல நிரல். களஞ்சியம் உங்கள் கணக்கில் இருந்து, அவர்கள் அதில் விருந்தாளியாக வேலை செய்ய வேண்டும். மாதக் கடைசியில் சுருக்கிய கோப்பாக அனுப்புவது போதாது. மாற்ற வரலாறு அதில் இருக்காது. சோதனை: எதுவும் நிறுவப்படாத ஒரு கணினியில், அவர்கள் எழுதிய கையேட்டை மட்டும் பார்த்து, அவர்களைத் தொலைபேசியில் அழைக்காமல், உங்கள் ஆள் மென்பொருளைக் கட்டி இயக்க வேண்டும். முதல் முறை ஏறக்குறைய எல்லோருமே தோற்பார்கள். எங்கே தடுக்கியது என்று குறித்துக் கையேட்டைத் திருத்தச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி செய்யுங்கள்.

கைபேசிச் செயலி. செயலிக் கடையின் வெளியீட்டாளர் கணக்கு உங்களுடையதா? ஆண்ட்ராய்டு செயலிக்குக் கையொப்பச் சாவி ஒன்று உண்டு. கூகுளே அந்தச் சாவியைக் காக்கும் ஏற்பாட்டில் சேராத பழைய செயலி என்றால், சாவி தொலைந்தபின் அதே செயலிக்குப் புதிய பதிப்பு வெளியிட முடியாது. புதிய பெயரில் மறுபடி தொடங்கி, எல்லாப் பயனர்களையும் மறுபடி நிறுவச் சொல்ல வேண்டும்.

காப்புரிமை (பதிப்புரிமை, copyright). பணம் கொடுத்துவிட்டோம், நிரல் நமதுதானே என்று நம்புகிறவர்கள் ஏராளம். பல நாடுகளின் சட்டப்படி, வெளியாள் எழுதியதன் காப்புரிமை எழுத்து மூலம் மாற்றித் தரப்படும்வரை எழுதியவரிடமே இருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-ல் ஒரு சிலை தொடர்பான வழக்கில், சிற்பி ஊழியர் அல்ல, சுதந்திரமாக வேலை செய்தவர் என்று தீர்ப்பளித்தது. ஆகவே வேலை கொடுத்தது என்ற ஒரே காரணத்தால், சிலையைச் செய்யச் சொன்ன அமைப்புக்குக் காப்புரிமை வந்துவிடவில்லை. ஒப்பந்தத்தில் உரிமை மாற்றப் பிரிவைத் தேடுங்கள். "முழுப் பணமும் செலுத்தியபின்" உரிமை மாறும் என்று இருந்தால், கடைசித் தவணை தகராறில் நிற்கும்வரை எதுவும் உங்களுடையது இல்லை. தவணைக்குத் தவணை அந்தப் பகுதியின் உரிமை மாறும்படி திருத்துங்கள்.

*அழைக்க வேண்டிய இடம்:* மேலே உள்ள ஐந்தில் ஏதாவது ஒன்றைத் தர மறுத்தாலோ, இரண்டு எழுத்துக் கோரிக்கைகளுக்குப் பின்னும் இழுத்தடித்தாலோ, உடனே வழக்கறிஞர். அடுத்த தவணையை விடுவிக்கும் முன்.

## அறிகுறி 7: உங்கள் தரவு எங்கெங்கே இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை

சோதனைச் சூழலைத் திறந்து பாருங்கள். உண்மையான வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் தெரிந்தால், அவசரத்துக்கு யாரோ உண்மைத் தரவுத்தளத்தையே நகலெடுத்திருக்கிறார்கள். அழிக்கச் சொல்லி, அழித்ததை எழுத்தில் வாங்குங்கள். பிறகு பயனர் கணக்குப் பட்டியலை எடுத்து, விலகிப் போனவர்களின் கணக்குகளை மூடுங்கள். ஒருவருக்கு ஒரு கணக்கு. பலர் பகிரும் கடவுச்சொல் கூடாது.

"அவர்கள் சின்ன வேலைதானே செய்கிறார்கள்" என்று விடாதீர்கள். 2013-ன் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. திருடர்கள் உள்ளே நுழைந்தது குளிரூட்டும் வேலை செய்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கொண்டு.

வெளி நூலகங்களின் (பிறர் எழுதி, உங்கள் மென்பொருளில் சேர்க்கப்பட்ட ஆயத்த நிரல் தொகுதிகளின்) பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். 2021 டிசம்பரில் பரவலாகப் பயன்பட்ட லாக்4ஜே என்ற நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, பட்டியல் வைத்திருந்தவர்கள் சீக்கிரமே பதில் கண்டார்கள். இல்லாதவர்கள் சர்வர் சர்வராகத் தேடினார்கள்.

கசிவு நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் நீங்களே தோண்டாதீர்கள், தடயம் அழிந்துவிடும். சர்வரை வலையமைப்பிலிருந்து துண்டியுங்கள், அணைக்காதீர்கள். பாதுகாப்பு நிபுணரையும் வழக்கறிஞரையும் அதே மணி நேரத்தில் அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி பொருந்துமானால், கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஒப்பந்த நிறுவனத்துடையது அல்ல.

## அறிகுறி 8: தொடக்க நாள் நெருங்குகிறது, மனம் ஒப்பவில்லை

அந்த உறுத்தலை மதியுங்கள். மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். எதிர்பார்க்கும் சுமையில், நாளை உண்மையில் ஓடப்போகும் அதே சர்வர்களில் சோதித்தீர்களா? தவறினால் எத்தனை மணி நேரத்தில் பழையதற்குத் திரும்பலாம், அதை ஒத்திகை பார்த்தீர்களா? எல்லோரையும் ஒரே நாளில் மாற்றியே ஆக வேண்டுமா?

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே பார்க்க முடியவில்லை. நிலைமை முழுதும் சீராக அந்த ஆண்டின் டிசம்பர் ஆயிற்று. வெளி நிறுவனத்தின் பணியைச் சரிவர மேற்பார்வையிடாதது உள்ளிட்ட தவறுகளுக்காக ஒழுங்குமுறை அமைப்புகள் 2022 டிசம்பரில் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. அபராதம் கட்டியது வங்கி.

மூன்றில் ஒன்றுக்குப் பதில் "இல்லை" என்றாலும் தேதியைத் தள்ளுங்கள், அல்லது சிறு பயனர் குழுவோடு தொடங்குங்கள்.

## அறிகுறி 9: திடீரென்று மௌனம்

மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, தொலைபேசி எடுக்கவில்லை. இரண்டு வேலை நாள்வரை காத்திருக்கலாம். நோயும் துக்கமும் எல்லோருக்கும் வரும். அதற்குமேல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

உங்கள் கணக்கிலிருந்து தரவுத்தளத்தின் பேக்கப்பை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். களஞ்சியத்தை முழு வரலாற்றோடு நகலெடுங்கள். டொமைனும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள். நிலுவைப் பணத்தை நிறுத்துங்கள். ஆனால் ஒப்பந்தம் கேட்கும் முறைப்படி அறிவிப்பு அனுப்பியபின்தான். முன்னறிவிப்பின்றி நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். அணுகல்களை உடனே மூடாதீர்கள்: பேக்கப் கையில் வந்து, அதை வேறொரு சர்வரில் மீட்டு இயக்கிப் பார்த்தபின் மூடுங்கள். மூல நிரலை மூன்றாம் தரப்புக் காப்பகத்தில் ஒப்படைக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், விடுவிப்பு நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அந்த நிரலாளர்களில் ஒருவர் தனியாக உங்களை அழைத்து, தான் மட்டும் வந்து முடித்துத் தருவதாகச் சொல்லக்கூடும். ஒப்பந்தத்தின் ஆள் எடுப்புத் தடைப் பிரிவை (அவர்கள் ஊழியரை நீங்கள் வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற பிரிவை) படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.